கொசு இல்லாத கார்டு

அந்தக் கடையில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். முகத்துக்கு நேரே 'அக்கா' என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் 'பாம்புக்காது'. திரும்பினாலும் அவளுக்குக் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகையால் இதில் ஒளிவுமறைவு என்று எதுவும் இல்லை.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை அது. கீழே விற்பனை. மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் கூரை முட்ட அட்டைப்பெட்டிகள். இன்னொன்று சோதனை அறை. நீளமான மேஜை, அதன்மேல் பக்கப் பலகை கழற்றிய ஒரு கம்ப்யூட்டர் கேபினெட், இரண்டு மானிட்டர்கள், ஒரு ஜன்னல். புதிதாக வரும் கிராபிக்ஸ் கார்டுகளை இந்தக் கேபினெட்டில் ஒவ்வொன்றாகச் செருகி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஓர் அட்டவணையில் ஏற்றுவார்கள். விளையாடுவதற்கென்றே கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இந்தக் கார்டைப் பற்றித்தான் கேட்பார்கள். திரையில் படம் எத்தனை வழுக்கலாக ஓடும் என்பதெல்லாம் இதன் கையில்தான் இருக்கிறது. கார்டு ஒன்றா இரண்டா? ஒரே மாடல் எண்ணைப் போட்டு நான்கு கம்பெனிகள் விற்கும்; ஒவ்வொரு கம்பெனியும் அதிலேயே மூன்று ரகம் வைத்திருக்கும். வாங்க வந்தவன் விழி பிதுங்கி நிற்பான். அவனுக்காகத்தான் முதலாளி அந்த அட்டவணையைக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டு வைத்தார்.

அட்டவணையில் எண்கள் எல்லாம், புள்ளி என்று எல்லோரும் அழைக்கிறவரின் பொறுப்பு. திரையில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் படம் ஓடுகிறது, எத்தனை டிகிரி சூடு, எத்தனை வாட் கரண்ட் என்று அளந்து எழுதுவது அவர் வேலை. எதையும் தசமத்தோடு சொன்னால்தான் அவருக்கு நிம்மதி. டீ குடித்துவிட்டு வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் "ஆறு புள்ளி அஞ்சு நிமிஷம்" என்பார். புதிதாக வருகிறவர்கள், "அவர் என்ன, பெரிய புள்ளியா?" என்று விசாரிப்பார்கள். "இல்ல, தசமப் புள்ளி" என்று கீழே பில் போடுகிற பெண் சொல்லி அனுப்புவாள்.

கடைசிப் பத்தி மட்டும் பாம்புக்காதுடையது. அதன் தலைப்பு 'கொசு'.

கிராபிக்ஸ் கார்டு கடுமையாக உழைக்கும்போது, அதில் கரண்டைச் சீர்ப்படுத்தும் சின்னஞ்சிறு காயில்கள் அதிரும். அதிலிருந்து மெல்லிய 'சீ'யென்ற ஒலி கிளம்பும். காதோரத்தில் கொசு சுற்றுகிற மாதிரி. எல்லாக் கார்டிலும் இது வராது. ஒரே ரகத்தில் இரண்டு வாங்கினால் ஒன்று பாடும், ஒன்று வாயை மூடிக்கொண்டிருக்கும். சிலர் காதில் அது விழவே விழாது. விழுந்துவிட்டவர்களுக்கோ, அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் கேட்காது.

அவள் இந்தக் கடைக்கு வந்தபோது வயது முப்பத்தெட்டு. அதற்கு முன் பதினான்கு வருடம் மேஜை மின்விசிறித் தொழிற்சாலையில் இருந்தாள். வரிசையின் கடைசியில் நின்று, வருகிற ஒவ்வொரு விசிறியையும் நாற்பது நொடி ஓடவிட்டுக் கேட்பாள். பேரிங் சரியில்லாவிட்டால், இறக்கை ஒரு நூல் சாய்ந்திருந்தால், உள்ளே ஒரு திருகு தளர்ந்திருந்தால், தொடாமலே சொல்லிவிடுவாள். தொழிற்சாலை மூடிய பிறகு, பெட்டி கட்டுகிற வேலைக்குத்தான் இங்கே சேர்ந்தாள். ஒருநாள் சோதனை அறைக்குள் டேப் எடுக்கப் போனவள் நின்று, "அண்ணே, இது ஏன் இப்படிக் கத்துது?" என்று கேட்டாள். புள்ளி கேபினெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான்கு கார்டுகளை மாற்றி மாற்றிச் செருகினார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றபடியே எது கத்துகிறது, எது கத்தவில்லை என்று சொன்னாள். அடுத்த வாரமே பெட்டி கட்ட வேறு ஆள் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒன்பது வருடம். ஏசியை அணைத்துவிடுவாள். ஜன்னலைச் சாத்துவாள். விளையாட்டின் தொடக்கத் திரையை ஓடவிடுவார் புள்ளி. அந்தத் திரையில் வரைவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாததால் கார்டு தலைதெறிக்க ஓடும். கொசு இருந்தால் அங்கேதான் வெளியே வரும். கார்டின் விசிறிகளை இருபது நொடி நிறுத்தி வைப்பார்கள். அவள் கேபினெட்டிலிருந்து இரண்டு சாண் தள்ளி, வலது காதைக் காட்டி உட்காருவாள். பிறகு பத்துக்கு இத்தனை என்று எழுதுவாள். பத்து என்றால் சுத்தமாகச் சத்தமில்லை. ஒன்று என்றால், வாங்குகிறவர் பாடு திண்டாட்டம்.

அந்தப் பத்தி நாளடைவில் பேர் வாங்கியது. ஃப்ரேம் எண்ணிக்கை எங்கே தேடினாலும் கிடைக்கும், இது கிடைக்காது. வெளியூரிலிருந்துகூட, "உங்க அக்கா கேட்டுச் சொன்ன கார்டுதான் வேணும்" என்று வந்தார்கள். அவளுக்கு அதில் பெருமை இருந்தது. ஆனால் காட்டிக்கொள்கிற சுபாவம் இல்லை. விளையாட்டு எதையும் அவள் விளையாடியதும் இல்லை. அவளைப் பொறுத்தவரை அதுவும் நாற்பது நொடி ஓடவிட்டுக் கேட்கிற ஒரு பொருள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் ஒரு பஸ் டிரைவர் வந்தார். சீருடையோடு நேராக மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"சத்தத்துக்கு மார்க் போடுறது நீங்கதானேம்மா?"

"நான்தான். சொல்லுங்க."

"எனக்கு ஒரு பொண்ணு. பதினாலு வயசு. சத்தம் ஆகவே ஆகாது. மிக்ஸி போட்டா வேற ரூமுக்கு ஓடிடுவா. ஸ்கூல்ல டியூப்லைட் கத்துதுன்னு எழுந்து வெளிய வந்துட்டா. டீச்சர் எனக்கு போன் பண்ணாங்க."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டாம? காதுல கோளாறு இல்ல, காது ரொம்ப நல்லா இருக்கிறதுதான் கோளாறுன்னாங்க. இப்ப அவளுக்கு கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேணுமாம். என்ன கேம்னு கேளுங்க."

"என்ன கேம்?"

"பஸ் ஓட்டுற கேம். நாள் பூரா ஓட்டிட்டு வீட்டுக்கு வந்தா, வீட்லயும் பஸ். போதாக்குறைக்கு, 'அப்பா, நீ இன்டிகேட்டர் போடாம திரும்புறே'ன்னு எனக்கே சொல்றா."

புள்ளி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த விளையாட்டுக்குத் தோதான கார்டுகளில் இரண்டை எடுத்துவைத்தார். "இது நொடிக்கு எண்பத்தேழு புள்ளி ரெண்டு. இது எண்பத்தி நாலு புள்ளி ஒம்போது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தை வச்சுத் தேர்ந்தெடுக்கலாம்."

அவள் ஏசியை அணைத்தாள். முதல் கார்டைப் போட்டதுமே முகம் சுளித்தாள். "இது வேண்டாம். நல்லாவே கத்துது." டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "ஆமாம்மா, லேசா எனக்கே கேக்குது" என்றார். இரண்டாவதைப் போட்டார்கள். இருபது நொடி. இன்னும் இருபது நொடி. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒன்றுமே இல்லை.

"இது பத்துக்குப் பத்து. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

"என் பொண்ணு காதுக்கு?"

"யார் காதா இருந்தாலும் சரி. இதுல கொசு இல்ல."

வெள்ளிக்கிழமை காலை டிரைவர் திரும்ப வந்தார். இந்த முறை மகளும் கூட வந்தாள். ஒல்லியான பெண், பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். டிரைவருக்குச் சொல்லச் சங்கடமாக இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. பாடுதுங்கிறா. நானும் பக்கத்துல உக்காந்து கேட்டேன், எனக்கு ஒண்ணும் கேக்கல. வீட்டுக்காரியும் கேட்டா. அவளுக்கும் இல்ல. இவ அழுதுட்டா."

"அழல. காதைப் பொத்திக்கிட்டேன்" என்றாள் மகள்.

வீட்டு பவர் சப்ளை காரணமாக இருக்கும் என்றார் புள்ளி. அப்படியும் நடப்பதுண்டு. கார்டை வாங்கி மேஜையில் செருகினார். ஏசியை அணைத்து ஜன்னலைச் சாத்தினார்கள். தொடக்கத் திரை வந்ததும் மகள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

பாம்புக்காது தன் நாற்காலியில் உட்கார்ந்து வலது காதைக் காட்டினாள். அறையில் நிசப்தம். தெருவில் ஒரு வண்டி பின்னால் வருகிற பீப் சத்தம், கீழே பில் அச்சாகிற சத்தம், டிரைவரின் மூச்சு, எல்லாம் கேட்டது. கார்டு மட்டும் கேட்கவில்லை. இன்னும் அருகே போனாள். ஒரு சாண். அரைச் சாண்.

"எப்படிக் கேக்குதும்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"ஊசி மாதிரி. மேல, ரொம்ப மேல. இப்ப நிக்கல பாருங்க, இன்னும் இருக்கு."

புள்ளிக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். மானிட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். "நான் கார்டை ஓட விடுவேன், நிறுத்துவேன். எப்ப ஓடுதுன்னு உனக்குத் திரையில தெரியாது. நான் 'இப்ப'ன்னு சொன்னா, சத்தம் இருந்தா கையைத் தூக்கு. இல்லாட்டி சும்மா இரு. இருபது தடவை."

இருபதுக்கு இருபது சரியாகச் சொன்னாள் அந்தப் பெண். பத்தாவது தடவைக்கு அப்புறம் புள்ளி வேண்டுமென்றே ஐந்து முறை தொடர்ந்து நிறுத்தியே வைத்தார். ஐந்து முறையும் அவள் கை மடியில்தான் இருந்தது.

"எனக்கும் வச்சுப் பாருங்க" என்றாள் பாம்புக்காது.

புள்ளி தயங்கினார். "எதுக்குக்கா?"

"வையுங்க."

அவளும் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபது தடவை. கேட்கிற மாதிரி தோன்றியபோதெல்லாம் கையைத் தூக்கினாள். முடிந்ததும் புள்ளி தாளைப் பார்த்தார். அவளே எட்டிப் பார்த்தாள். ஒன்பது சரி, பதினொன்று தப்பு. பூவா தலையா போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும். புள்ளி அதைச் சதவீதமாக்கித் தசமத்தோடு எழுதவில்லை. அவர் அப்படி விட்டது அந்த ஒரு தடவைதான்.

அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு டிரைவரிடம் சொன்னாள்: "உங்க பொண்ணு சொல்றதுதான் சரி. நான் தப்பா சொல்லிட்டேன். வேற பார்த்துக் குடுக்கிறோம். ஆனா இப்ப நான் கேட்டுச் சொல்ல முடியாது. அவளே கேட்டு எடுக்கட்டும்."

மதியம் ஒரு மணிவரை ஒன்பது கார்டுகளை மாற்றிப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் வாசற்படி அருகே நின்றபடி தலையாட்டினாள், வேண்டாம் என்றுதான். ஒன்பதாவதுக்கு மட்டும் நாலடி உள்ளே வந்தாள். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய ரகம்; கரண்ட் குறைவாகக் குடிக்கிற, பார்வைக்கு மொண்ணையான கார்டு.

"இதுல ஐம்பத்தி ஒண்ணு புள்ளி மூணுதான் வரும்" என்றார் புள்ளி, சொந்த வீட்டில் நஷ்டம் வந்தது போல.

"பஸ்தானே. அதுக்கு மேல ஓட்டினா அப்பாவுக்கு ஃபைன் போடுவாங்க" என்றாள் அந்தப் பெண். டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்தக் களேபரத்தை எட்டிப் பார்க்க மேலே வந்த முதலாளி, பெண்ணின் காதைப் பற்றிக் கேள்விப்பட்டு, "லீவு நாள்ல இங்க வந்து கேட்டுச் சொல்றியாம்மா?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டார்.

"சார், இந்தச் சத்தத்துக்கு பயந்து ஓடுற பொண்ணு. அவளைப் போய் நாள் பூரா இதையே கேட்டுக்கிட்டு உக்காரச் சொல்றீங்களே" என்றார் டிரைவர். முதலாளி கீழே இறங்கிப் போனார்.

அவர்கள் போன பிறகு பாம்புக்காது சாப்பிடப் போகவில்லை. "அந்த ஒலி வர வைக்கிற புரோகிராம் இருக்கே, அதைப் போடுங்க" என்றாள். புள்ளி ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டே போனார். நொடிக்கு எட்டாயிரம் அதிர்வு, தெளிவாகக் கேட்டது. பத்தாயிரம், கேட்டது. பதினொன்று, மங்கலாக. பன்னிரண்டாயிரத்தில் அவள் புருவத்தை நெரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாரோ என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். எண் பதினாலாயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பில் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டு அவள் காதிலும் மாட்டினார்கள். அவளுக்கு முப்பது வயது. பதினாறாயிரத்துக்குக் கிட்டே போய்த்தான் அவளுக்கு நின்றது. "என்னக்கா விஷயம்?" என்றாள். "ஒண்ணுமில்ல. உனக்கு வயசாகலைன்னு பாத்தோம்" என்றாள் பாம்புக்காது.

வீட்டில் அன்று மாலை கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். தரையில் ஸ்பானர்களைப் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் காது போயிடுச்சுங்க."

"நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குது."

"காலையில குளிக்கும்போது பாடினேனே, அது?"

"அதுவும் கேட்டுச்சு."

"அப்ப எங்க போச்சு? போயிருந்தா எந்தச் சத்தமும் தொந்தரவு பண்ணாம நீ இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது நிம்மதியா காபி குடிச்சிருப்பே." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார். "என்னாச்சு? முழுசாச் சொல்லு."

சொன்னாள். மறுநாள் அவர் லீவு போட்டு, காது டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். வரைபடத்தில் கோடு நேராகவே போயிற்று. "நார்மல்" என்றார் டாக்டர். இந்தச் சோதனை எட்டாயிரத்தோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேலே என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். டாக்டர் அவளை இன்னொரு முறை பார்த்தார். "அதுக்கு மேல இருக்கிறது பேச்சுக்குத் தேவைப்படாதும்மா. நாப்பத்தேழு வயசுல அது கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். எல்லாருக்கும்தான். அது வேணும்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

கொஞ்சம் கொஞ்சமாக என்றால் எப்போதிருந்து? அதுதான் அவளைக் குடைந்தது. திங்கட்கிழமை போனதும் அட்டவணையின் ஒன்பது வருடத்தையும் திறந்துவைத்தாள். முந்நூற்றுச் சொச்சம் ரகங்கள். தன் பத்தியை மட்டும் ஆண்டுவாரியாகச் சராசரி எடுத்துத் தரச் சொன்னாள். புள்ளி எடுத்தார். எடுத்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

முதல் வருடம் சராசரி ஐந்து புள்ளி நான்கு. அடுத்தது ஐந்து புள்ளி ஒன்பது. அப்புறம் ஆறரை, ஏழு என்று மேலே மேலே. போன வருடம் ஒன்பது புள்ளி ஒன்று. கோடாகப் போட்டால், மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒரே சீராக ஏறியிருந்தது.

அந்த ஏற்றத்தை அவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். கவனித்துச் சந்தோஷமும் பட்டிருந்தார்கள். கார்டு செய்கிறவர்கள் வருடத்துக்கு வருடம் தேறிவருகிறார்கள் என்று அவளே ஒருமுறை எழுதியிருந்தாள். முதலாளி ஒரு வீடியோவில் இன்னும் ஒருபடி மேலே போய், "நம்ம அக்கா போடுற மார்க்குக்குப் பயந்துதான் கம்பெனிக்காரங்க திருந்திட்டாங்க" என்று பேசியிருந்தார். அதை நிறையப் பேர் பார்த்திருந்தார்கள்.

"கார்டு திருந்தல" என்றாள் அவள்.

புள்ளி அந்தக் கோட்டை மறுபடி ஒருமுறை பார்த்தார். "கொஞ்சம் திருந்தியும் இருக்கலாம்க்கா. எவ்வளவு கார்டு, எவ்வளவு காதுன்னு இப்பப் பிரிச்சுச் சொல்ல வழியில்ல" என்றார். பிரித்துச் சொல்ல முடியாத எண் என்பது அவருக்கு உடம்பு சரியில்லாத மாதிரி.

முதலாளி கீழே கண்ணாடி அறையில் இருந்தார். தாளை அவர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் எந்தச் செய்தி வந்தாலும் அதை முதலில் மேஜைக்கு அடியில் தள்ளிவிட முடியுமா என்று பார்ப்பார்.

"இது யாருக்குத் தெரியும்? நம்ம மூணு பேருக்கு. அந்தப் பத்தியை மெதுவா எடுத்துடுவோம். ஒரு வருஷத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

"வாங்கிட்டுப் போனவங்க?"

"அவங்க யாரும் குறை சொல்லலியே."

"அந்த டிரைவர் பொண்ணு சொல்லுச்சே."

"அது பொண்ணா? ராடார்."

அவள் சிரிக்கவில்லை. "சார், நான் ஃபேன் கம்பெனியில இருந்தப்போ, கேட்டுட்டுத்தான் என் நம்பரை ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டுவேன். கேக்காம ஒட்டினா என்னைய நிறுத்திடுவாங்க. இங்க குறைஞ்சது மூணு வருஷமாவது கேக்காம ஒட்டியிருக்கேன். தெரிஞ்சு செய்யல. இப்பத் தெரிஞ்சுபோச்சு. நான் எழுதித் தர்றேன், அப்படியே போடுங்க. இல்லாட்டி என்னையப் பெட்டி கட்டப் போட்டுடுங்க. அந்தப் பத்தியில இனிமே கை வைக்க மாட்டேன்."

"மிரட்டுறியா?"

"இல்ல. பெட்டி கட்டுறதும் எனக்குப் பிடிச்ச வேலைதான்."

முதலாளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், போடு என்று சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. புள்ளி அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு போட்டுவிட்டார். அட்டவணைக்கு மேலே நான்கு வரிகள்: கடைசி மூன்று வருடத்தில் 'கொசு' பத்தியில் தரப்பட்ட மதிப்பெண்களை நம்ப வேண்டாம். கேட்டு எழுதியவருக்கு வயது காரணமாக உயர்ந்த ஒலிகள் கேட்காமல் போயிருக்கின்றன. அது இப்போதுதான் தெரியவந்தது. கடந்த ஒரு வருடத்தில் அவர் சொன்னதைக் கேட்டு வாங்கியவர்களை நாங்களே அழைத்துப் பேசுவோம்.

அப்படி வாங்கியவர்கள் நாற்பத்தொரு பேர். அவளே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டாள். தினமும் டீக்கு அப்புறம் நாலைந்து பேர். ஆரம்பத்தில் எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்தாள்; எட்டாவது ஆளுக்கு மேல் பழகிவிட்டது. முதலில் பேசினவர் ஐம்பத்திரண்டு வயதுக்காரர். "நீங்களும் நானும் ஒரே கட்சிதான்மா, எனக்கும் ஒண்ணும் கேக்கல, அருமையான கார்டு" என்றார். இன்னொருவர், விஷயத்தைச் சொல்லி முடித்த பிறகு, "அப்ப அது என் பல்லு இல்லியா?" என்று கேட்டார். கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தால் பல் கூசுகிறதென்று பல் டாக்டரிடம் இரண்டு முறை போய் வந்திருந்தாராம். ஒரு பெண், "சொல்லாமலே விட்டிருக்கலாம், இப்ப எனக்குக் கேக்க ஆரம்பிச்சிடுச்சு" என்று சண்டைக்கு வந்தாள். ஒருவர் மட்டும் கடுமையாகப் பேசினார். ஏமாற்று வேலை என்றார். அவள் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டாள். ஆகமொத்தம் ஆறு பேருக்குச் சத்தம் கேட்டிருந்தது. ஆறில் நான்கு பேர், கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று இருந்துவிட்டார்கள். இரண்டு பேர் கொண்டுவந்து மாற்றிக்கொண்டார்கள். அதில் ஒருவர், ஏமாற்று வேலை என்று திட்டியவர். வந்தவர் அவளை நேரில் பார்த்ததும், "நீங்கதானா?" என்று கேட்டுவிட்டுக் கார்டை நீட்டினார்.

அவள் ஒரு வாரம் சோதனை அறைக்குப் போகாமல் கீழேயே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அங்கே அனுப்பவில்லை. அவளாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. யாராவது கேட்டால் பதில் சொன்னாள். வீட்டில் மட்டும், கணவர் டிவியை நிறுத்தும்போதெல்லாம், நின்ற பிறகும் அறையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இளவயதில் பழைய டிவி ஒன்று சத்தத்தை அடைத்துவிட்டு ஓடினாலும், அதன் 'சீ' ஒலியை வைத்தே இரண்டு வீடு தள்ளி அவளுக்குத் தெரியும். அதெல்லாம் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள். நின்ற நாள் ஞாபகத்தில் இல்லை. உலகம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது, நல்லதுதான் என்று நினைத்திருந்தாள்.

அளவெடுக்கிற மைக் ஒன்று வேண்டுமென்று புள்ளி முதலாளியை அரித்தெடுத்து வாங்கினார். பென்சில் தடிமன், ஒரு முழ நீளம். கார்டிலிருந்து இரண்டு சாண் தள்ளி, அவள் காது இருந்த இடத்தில் அதை ஸ்டாண்டில் நிறுத்தினார். எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று திரையில் மலை மலையாகக் காட்டியது. கடையில் மிச்சமிருந்த முப்பத்தாறு ரகங்களை அவரும் பில் போடுகிற பெண்ணும் மறுபடி சோதித்தார்கள். மூன்றாம் நாளே புள்ளிக்கு ஒரு சிக்கல். மைக்கில் ஒரே அளவு காட்டுகிற இரண்டு கார்டுகளில் ஒன்று அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவாக இல்லை, இன்னொன்று ஆகவே இல்லை.

"அக்கா, மேல வாங்க. இதுல எதை எழுதுறதுன்னு தெரியல."

அவள் போனாள். அந்த ஒலி தாழ்ந்த சுருதியில் இருந்தது; அவளுக்கு நன்றாகவே கேட்டது. "ஒண்ணு நேராப் போகுது. இது விட்டுவிட்டு வருது. விட்டுவிட்டு வந்தா அளவு கம்மியா இருந்தாலும் எரிச்சல் ஜாஸ்தி. ஃபேன்லயும் அப்படித்தான்." புள்ளி அதை எழுதிக்கொண்டார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகும் அவள் கீழே போகவில்லை.

இப்போது அந்த அட்டவணையில் கொசுவுக்கு மூன்று பத்திகள். முதலாவதில் மைக் சொன்னது. இரண்டாவதில் பில் போடுகிற பெண் கேட்டது, முப்பத்தொரு வயது என்ற குறிப்போடு. மூன்றாவதில் பாம்புக்காது கேட்டது, நாற்பத்தெட்டு என்ற குறிப்போடு. வயதைப் போடுவது அவள் யோசனை. முதலாளி முதலில் தலையில் அடித்துக்கொண்டார். வயதைப் போட்டு யாராவது கார்டு விற்பார்களா என்றார். ஆனால் வருகிறவர்களுக்கு அது பிடித்துவிட்டது. நடுவயதுக்காரர் ஒருவர் வந்து, மூன்றாவது பத்தியைக் காட்டி, "இதுல பத்து வாங்கினது எனக்குப் போதும். பையனுக்குக் கேட்டா அவன் ஹெட்ஃபோன் மாட்டிக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு போனார். பில் போடுகிற பெண் மட்டும், வருடா வருடம் தன் வயதை ஊருக்கே தம்பட்டம் அடிக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை புள்ளி ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு அவளுக்கு ஒலியை ஏற்றிக்காட்டுவார். போன தடவை பதினோராயிரத்து இருநூறில் நின்றது. அந்த எண்ணை அட்டவணையின் அடியில் தேதி போட்டு எழுதச் சொன்னாள். எழுதி முடித்ததும் ஏசியை அணைத்துவிட்டு, அன்று வந்திருந்த கார்டின் உறையைப் பிரிக்கத் தொடங்கினாள்.